ஃபார்மட் அடிப்பதற்கு முன்னால்



மாதத்தின் இரண்டாவது செவ்வாய் முடிந்து புதன் விடிந்தால் போதும், ஒரே மாதிரியான கடிதங்கள் வரிசைகட்டி வருகின்றன. ‘காலையில் கம்ப்யூட்டரைப் போட்டேன். அப்டேட் ஆகிறது, அணைக்காதே என்று அரை மணி நேரம் சுற்றிக்கொண்டே இருந்தது. அப்புறம் முடியவில்லை, பழையபடி மாற்றுகிறேன் என்கிறது. என்ன செய்யட்டும்?’

கடிதங்கள் புதன்கிழமையில் குவிவதற்குக் காரணம் உண்டு. விண்டோஸுக்கான பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசாஃப்ட் 2003 அக்டோபர் முதல் மாதத்தின் இரண்டாவது செவ்வாயன்று மொத்தமாக வெளியிட்டுவருகிறது. அமெரிக்காவின் மேற்குக் கரையில் காலை 10 மணி என்றால் நமக்கு இரவு 10.30, அங்கே குளிர்காலமாக இருந்தால் 11.30. நாம் படுக்கப் போகிற நேரத்தில் கிளம்பி வருவது, மறுநாள் மின்கட்டணம் கட்டவோ பிள்ளையின் வகுப்புக்கோ உட்காரும்போது தலையை நீட்டுகிறது.

அநேகமாக எல்லாக் கடிதங்களிலும் கடைசி வரி ஒன்றுதான்: ‘கடைக்காரத் தம்பி ஃபார்மட் அடித்துவிடலாம் என்கிறார். அடிக்கச் சொல்லட்டுமா?’ வேண்டாம், கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்லத்தான் இந்த மாதம் இந்தப் பக்கத்தை எடுத்துக்கொண்டேன். அப்டேட் தோற்றுப்போகிற வீட்டுக் கம்ப்யூட்டர்களில் பெரும்பாலானவை கெட்டுப்போனவை அல்ல. வேலையை முடிக்க அவற்றுக்கு நேரம் கிடைக்கவில்லை, அல்லது இடம் கிடைக்கவில்லை.

நேரத்தை முதலில் பார்ப்போம். வெளியான அப்டேட் ஒன்று ஒழுங்காகப் போய் உட்கார வேண்டுமென்றால், கம்ப்யூட்டர் இணையத்தோடு மொத்தம் ஆறு மணி நேரமாவது இருக்க வேண்டும், அதில் இரண்டு மணி நேரமாவது விடாமல் தொடர்ச்சியாக இருக்க வேண்டும் என்று மைக்ரோசாஃப்ட்டே 2022 ஜனவரியில் சொல்லியிருக்கிறது. நம் வீடுகளில் நடப்பதை நினைத்துப் பாருங்கள். சான்றிதழ் ஒன்றை டவுன்லோடு செய்ய வேண்டும். போடுகிறோம், பிரின்ட் எடுக்கிறோம், அணைக்கிறோம். அணைத்த கையோடு யுபிஎஸ்ஸையும் அணைத்து, சுவரில் இருக்கிற ஸ்விட்சையும் தட்டிவிட்டுத்தான் எழுந்திருக்கிறோம். கரண்ட் பில்லைப் பார்க்கும்போது அது நல்ல பழக்கம்தான். ஆனால் வாரத்துக்கு இருபது நிமிஷம் விழித்திருக்கிற கம்ப்யூட்டர் ஆறு மணி நேர வேலையை எப்போது முடிக்கும்? பாதி இறங்கும், அறுபடும், அடுத்த முறை மறுபடி தேடும். இரண்டு மூன்று மாதத் திருத்தங்கள் இப்படிச் சேர்ந்துகொண்ட பிறகு என்றைக்காவது ஒருநாள் உள்ளே நுழையப் பார்த்து, முடியாமல் கை விரிக்கும்.

இன்னொன்றும் இருக்கிறது. ஷட்டவுன் கொடுத்தால் கம்ப்யூட்டர் முழுதாக அணைந்துவிடுகிறது என்றுதான் நாம் நினைக்கிறோம். விண்டோஸ் 8 வந்ததிலிருந்து பல கம்ப்யூட்டர்களில் அப்படி இல்லை. அடுத்த தடவை சீக்கிரம் எழுந்துகொள்வதற்காக, விண்டோஸ் தன் உள்பகுதியின் நிலையை டிஸ்க்கில் எழுதிவைத்துவிட்டு அரைத்தூக்கம் போடுகிறது. ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்’ என்று அதற்குப் பெயர். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாவற்றையும் விட்டுவிட்டு முதலிலிருந்து எழுந்துகொள்ளும். குடியிருக்கிற வீட்டில் தரை போட வருகிறவர்கள் எல்லோரையும் ஒருமுறை வெளியே போகச் சொல்வார்கள் இல்லையா, ரீஸ்டார்ட்டும் அதற்குத்தான்: பயன்பாட்டில் இருக்கிற ஃபைலை அது பயன்பாட்டில் இருக்கும்போதே மாற்ற முடியாது. அதனால் அப்டேட் தோற்றுவிட்டது என்று செய்தி வந்தால் வேறெதிலும் கை வைக்காமல் ஒருமுறை ரீஸ்டார்ட் கொடுங்கள். லேப்டாப் என்றால் சார்ஜரில் போட்டுவிட்டு, சாயங்காலம் முழுக்க இணையத்தோடு விட்டுவையுங்கள். மறுநாள் மின்தடை என்று அறிவிப்பு வந்திருந்தால் அன்று காலையில் தொடங்க வேண்டாம். செல்போன் ஹாட்ஸ்பாட்டில் இணைத்திருப்பவர்கள், அந்த இணைப்புக்கு ‘மீட்டர்டு கனெக்‌ஷன்’ என்பது ஆன் ஆகியிருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். ஆன் என்றால் டேட்டாவை மிச்சம் பிடிக்கிறேன் என்று பெரும்பாலான அப்டேட்டுகளை விண்டோஸ் தானாக இறக்காது.

‘பழையபடி மாற்றுகிறேன்’ என்கிற திரையைக் கண்டுதான் பலரும் பதறுகிறார்கள். உண்மையில் அது கம்ப்யூட்டர் புத்தியோடு நடந்துகொள்வதன் அடையாளம். போட வந்ததைப் போட முடியவில்லை, அதனால் இருந்த நிலைக்கே திரும்புகிறது. பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க் உள்ள கம்ப்யூட்டரில் இதற்கு ஒரு மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம். சிபியு பெட்டியின் முகப்பில் சின்னதாக ஒரு விளக்கு இருக்கும், பாருங்கள். அது மினுக்மினுக்கென்று இருக்கிறவரை உள்ளே வேலை நடக்கிறது. அந்த நேரத்தில் பவர் பட்டனை அழுத்திப் பிடிப்பதுதான் சும்மா இருக்கிற கம்ப்யூட்டரைக் கடைக்கு அனுப்பிவைக்கிற காரியம்.

இனி இடம். தோற்றுப்போன அப்டேட்டுக்குப் பக்கத்தில் எண்ணும் எழுத்துமாக ஒரு கோடு தருகிறார்களே, அதைத் திட்டாத வாசகர் இல்லை. ஆனால் அதில் சிலவற்றுக்கு அர்த்தம் கண்டுபிடிக்க முடியும். 80070070 என்று முடிகிற கோடை எடுத்துக்கொள்ளுங்கள். கடைசி நான்கு இடங்கள்தான் விஷயம். அது பதினாறின் அடுக்கில் எழுதிய எண். நம் கணக்கில் 7 பெருக்கல் 16, அதாவது 112. விண்டோஸின் பிழைப் பட்டியலில் 112 என்றால் டிஸ்க்கில் இடமில்லை. அவ்வளவுதான்! இதை நேரடியாகச் சொல்லியிருக்கலாம். 128 ஜிபி எஸ்எஸ்டி போட்ட லேப்டாப்பில், டவுன்லோட்ஸ் ஃபோல்டருக்குள் கல்யாண வீடியோவும் வாட்ஸ்அப்பில் வந்த பிடிஎஃப்களும் அடைத்துக்கிடந்தால் சி டிரைவ் சிவப்புக் கோட்டைத் தொட்டுவிடும். செட்டிங்ஸில் ஸ்டோரேஜ் பகுதிக்குப் போய் டெம்பரரி ஃபைல்ஸைத் திறங்கள். பழைய அப்டேட்டுகளின் மிச்சம் அங்கே ஜிபி கணக்கில் கிடக்கும், தாராளமாக நீக்கலாம். ஒரேயொரு எச்சரிக்கை: அதே பட்டியலில் டவுன்லோட்ஸ் என்றும் ஒரு வரி இருக்கும். அதை டிக் செய்துவிட்டால் கல்யாண வீடியோவும் சேர்ந்து போய்விடும்.

எல்லாக் கோடும் இப்படி உண்மை பேசுவதில்லை. 2024 ஜனவரி 9 அன்று விண்டோஸ் 10-க்கு ஒரு பாதுகாப்புத் திருத்தம் வந்தது. ஏராளமான கம்ப்யூட்டர்களில் அது 80070643 என்று சொல்லித் தோற்றது. கடைசி நான்கு இடங்களைக் கணக்குப் போட்டால் 1603: ‘நிறுவும்போது பெருங்கோளாறு’. என்ன கோளாறு என்று அதில் ஒரு வார்த்தை கிடையாது. டிஸ்க்கில் நம் கண்ணுக்குப் படாமல் ரெகவரி பார்ட்டிஷன் என்று ஒரு சிறு பகுதி இருக்கும். அதில் 250 எம்பி காலியிடம் தேவைப்பட்டது. பல கம்ப்யூட்டர்களில் அந்தப் பகுதியே அதற்குப் போதாத அளவில்தான் இருந்தது. காட்ட வேண்டிய ‘இடம் போதவில்லை’ என்ற செய்திக்குப் பதில் தவறான கோடு வருகிறது என்று மைக்ரோசாஃப்ட்டே ஒப்புக்கொண்டது. சில மாதம் கழித்து, இதற்குத் தானியங்கித் தீர்வு வராது, கையால்தான் சரிசெய்ய வேண்டும் என்றும் அறிவித்தது. பார்ட்டிஷனைக் கையால் மாற்றுவது வீட்டில் உட்கார்ந்து பரீட்சித்துப் பார்க்கிற வேலை அல்ல. அதை மாதக்கணக்கில் ஏராளமானோரின் தலையில் விட்டுவைத்ததை என்னால் ஏற்க முடியவில்லை. அந்தக் காலத்தில் ஃபார்மட் அடித்துக்கொண்டவர்கள் எத்தனை பேரோ!

சின்னச் சின்னக் காரணங்களும் உண்டு. அதில் எனக்குப் பிடித்தது பேட்டரி விவகாரம். எட்டுப் பத்து வருஷமான டெஸ்க்டாப்பில் திரையின் வலது மூலையில் இருக்கிற தேதியைக் கவனியுங்கள். எப்போதோ போன வருஷத்தைக் காட்டுகிறதா? மதர்போர்டில் ஐந்து ரூபாய் நாணயத்தை விடக் கொஞ்சம் தடிமனாக, வெள்ளிநிறத்தில் ஒரு வட்ட பேட்டரி இருக்கும். சிஆர் 2032 என்று மேலே பொறித்திருக்கும், 3 வோல்ட். சுவிட்சை அணைத்த பிறகும் கடிகாரத்தை ஓட்டுவது அதுதான். அது தீர்ந்தால், ஒவ்வொரு முறை அணைக்கும்போதும் தேதி எங்கோ பின்னால் போய்விடும். இணையத்தில் பாதுகாப்பான இணைப்பு எதுவானாலும் மறுமுனையின் சான்றிதழ் இன்றைய தேதியில் செல்லுமா என்று பார்த்துத்தான் கதவைத் திறக்கும். தேதியே தப்பென்றால் அப்டேட் சர்வரோடு பேச்சுவார்த்தையே நடக்காது; 80072எஃப்8எஃப் என்ற கோடு வந்தால் முதலில் தேதியைத்தான் பார்க்க வேண்டும். இப்போதைக்குத் தேதியைக் கையால் திருத்தினாலே அப்டேட் நகரும். பேட்டரியைப் பிறகு எந்த வாட்ச் கடையிலும் வாங்கிக்கொள்ளலாம், விலையும் சொற்பம்.

பென்டிரைவையும் கழற்றிவிடுங்கள். வேடிக்கையாகத் தோன்றும். ஆனால் 2019 மே மாதப் பெரிய அப்டேட்டின்போது, வெளியே யுஎஸ்பி டிரைவோ மெமரி கார்டோ செருகியிருந்தால் அப்டேட்டே போகாமல் தடுத்துவைத்திருந்தார்கள். டிரைவ்களின் எழுத்து மாறிப்போய்விடும் என்ற பயம். லேப்டாப் வாங்கும்போது கூடவே வந்து, காலாவதியாகி, இன்னும் நிழலாடிக்கொண்டிருக்கிற ஆன்டிவைரஸ் இருந்தால் அதையும் நீக்கலாம். விண்டோஸிலேயே டிஃபென்டர் இருக்கிறது.

இவ்வளவுக்கும் மசியவில்லையா? விண்டோஸ் 11 வைத்திருப்பவர்களுக்கு இப்போது நல்ல வழி ஒன்று வந்திருக்கிறது. செட்டிங்ஸ், சிஸ்டம், ரெகவரி என்று போனால், விண்டோஸ் அப்டேட் மூலமாகவே கோளாறைச் சரிசெய்ய ‘ரீஇன்ஸ்டால் நவ்’ என்று ஒரு பட்டன் இருக்கும். தற்போதைய பதிப்பையே புதிதாக இறக்கி மேலே போட்டுக்கொள்ளும். உங்கள் ஃபைல்கள், நிறுவிய மென்பொருள்கள், செட்டிங்ஸ் எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கும். ஃபார்மட் அடிக்க நினைக்கிறவர்களில் பெரும்பாலோருக்கு உண்மையில் வேண்டியது இதுதான். கடைக்குக் கொண்டுபோவதென்று முடிவு செய்தாலும், ‘ஃபைல் போகாமல் மேலேயே ரீஇன்ஸ்டால் செய்யுங்கள்’ என்று வாயைத் திறந்து கேளுங்கள். கேட்காவிட்டால் அவருக்குச் சுலபமானதைத்தான் செய்வார்.

எதில் கை வைப்பதற்கு முன்பும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. புதிய லேப்டாப்கள் பலவற்றில் டிஸ்க் தானாகவே பூட்டப்பட்டிருக்கும். ஏதாவது ஓர் அப்டேட்டுக்குப் பிறகு நீலத் திரையில் 48 இலக்க எண்ணைக் கேட்டு நின்றுவிடும். 2024 ஜூலை அப்டேட்டுக்குப் பிறகு சிலருக்கு இப்படி நடந்தது. அந்த எண் இல்லாவிட்டால் உள்ளே இருக்கிற எதையும் யாராலும் எடுக்க முடியாது. லேப்டாப்பை முதன்முதலில் திறந்தபோது கொடுத்த மைக்ரோசாஃப்ட் கணக்கில்தான் அது பெரும்பாலும் சேமிக்கப்பட்டிருக்கும். மகனோ மருமகளோ அவசரத்தில் தங்கள் மின்னஞ்சலைக் கொடுத்துத் திறந்துவைத்திருந்தால் அவர்கள் கணக்கில் இருக்கும். இன்றைக்கே கேட்டு ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

சிலர் ‘தொல்லையே வேண்டாம் என்று அப்டேட்டை நிரந்தரமாக நிறுத்திக் கொடுத்துவிட்டார்’ என்று கடைக்காரரைப் பாராட்டி எழுதுகிறார்கள். இதில் எனக்கு உடன்பாடில்லை. 2017 மே 12 அன்று பரவத் தொடங்கிய வானாக்ரை என்ற தீய மென்பொருள் ஏறத்தாழ 150 நாடுகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கம்ப்யூட்டர்களைப் பூட்டிப் பணம் கேட்டது. பிரிட்டன் அரசு மருத்துவமனைகளில் சிகிச்சைகள் தள்ளிப்போயின. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தம் மார்ச் 14 அன்றே, இரண்டு மாதம் முன்னாலேயே, வெளியாகியிருந்தது. அப்டேட்டின் மேல் வந்த பயமும் காரணமில்லாதது அல்ல: 2018 அக்டோபரில் வந்த பெரிய அப்டேட் சிலருடைய டாக்குமென்ட்ஸ் ஃபைல்களையே அழித்துவிட்டது, சில நாளிலேயே அதை நிறுத்திவைத்தார்கள். ஆனால் 2024 ஜூலை 19 அன்று விமான நிலையங்கள் ஸ்தம்பித்ததை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அது விண்டோஸ் அப்டேட் அல்ல. கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஃபைல். அப்டேட்டுக்குப் பயந்தவர்களுக்காகவே ‘பாஸ்’ (Pause) இருக்கிறது. ஐந்து வாரம்வரை தள்ளிவைக்கலாம். அதற்குள் ஓட்டை உடைசல் என்னவென்று ஊருக்கே தெரிந்துவிடும்.

விண்டோஸ் 10 வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. 2025 அக்டோபர் 14 அன்று அதற்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. அதற்குப் பிறகு உங்களுக்கு அப்டேட் வரவில்லை என்றால் அது கோளாறு அல்ல. வீட்டுப் பயனாளிகள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் கிடைக்கும். செட்டிங்ஸில் அப்டேட் பக்கத்திலேயே அதற்கான இணைப்பு இருக்கிறது.

கடிதம் எழுதுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ‘அப்டேட் ஆகவில்லை’ என்று மட்டும் எழுதாமல், அப்டேட் ஹிஸ்டரியில் இருக்கிற கேபி (KB) எண், தோல்விக் கோடு, சி டிரைவில் மிச்சமிருக்கும் இடம், விண்டோஸ் 10-ஆ 11-ஆ என்ற விவரம் ஆகியவற்றையும் சேர்த்து அனுப்புங்கள். திரையைச் செல்போனில் படமெடுத்து அனுப்பினாலும் சரி. மின்விசிறியின் நிழல் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள், எண்ணைப் படிக்க முடியவில்லை.

அன்புடன்,
ஆசிரியர்