ரோடு போட்டது நம்ம வரிப்பணம்... லாபம் நிலம் வச்சிருந்தவருக்கு!

சென்னை: தரமணியில் 2000-ம் ஆண்டு டைடல் பார்க் வந்தது. 2008-ல் பழைய மாமல்லபுரம் ரோடு ஆறு வழிச்சாலை ஆனது. ரோட்டோரம் மனை விலை எகிறியது எல்லாருக்கும் தெரியும். ஆனால் பணம் யாருக்கு போச்சு?

அவசரத்துக்கு ஆரம்பத்திலேயே விற்ற விவசாயிக்கு இல்லை. அவரிடம் வாங்கி சும்மா போட்டு வைத்தவருக்குத்தான். ஒரு செங்கல்கூட வைக்காமல் கோடீஸ்வரர்! நகரத்தில் ஒருவர் இவ்வளவுதான் வைத்திருக்கலாம் என்று 1978-ல் போட்ட உச்சவரம்பு சட்டத்தையும் 1999-லேயே ரத்து செய்தாச்சு.

அதே ரோட்டில்தான் கண்ணகி நகர். சிட்டிக்குள் குடிசையில் இருந்தவர்களை கொண்டுபோய் குடியேற்றிய இடம். பழைய ஏரியாவில் வேலை என்றால் விடிகாலையிலேயே பஸ்சுக்கு நிற்கணும்.

சரி, கஷ்டப்பட்டு ஒரு மனை வாங்கலாம் என்றால்? இங்கேதான் பிளாக், ஒயிட் விளையாட்டு. முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக்கட்டணம் 2 சதவீதம். உதாரணத்துக்கு 40 லட்ச ரூபாய் மனை. பத்திரத்தில் 20 லட்சம் என்று போட்டால் 1 லட்சத்து 80 ஆயிரம் மிச்சம். ஆனால் பாக்கி 20 லட்சத்தை ரொக்கமாக எண்ணி வைக்கணும். பேங்க், பத்திரத்தில் இருக்கிற தொகையை பார்த்துத்தான் லோன் தரும். மாச சம்பளக்காரர் எங்கே போவார்? கட்டு கட்டாக வைத்திருப்பவர் தட்டிக்கொண்டு போய்விடுவார்.

இன்னொரு ஆபத்தும் இருக்கு. அரசு நிலம் எடுத்தால், 2013 சட்டப்படி நஷ்டஈட்டுக்கு பார்ப்பது வழிகாட்டி மதிப்பையும், அக்கம்பக்கத்தில் பதிவான பத்திரங்களையும். எது அதிகமோ அது. பத்திரத்தில் எல்லாருமே குறைத்து எழுதி வைத்தால், நிலம் பறிபோகும்போது அடி யாருக்கு? 2017 ஜூனில் வழிகாட்டி மதிப்பை 33 சதவீதம் குறைத்தபோது வாங்குபவர்கள் சந்தோஷப்பட்டார்கள். நஷ்டஈட்டுக்கு காத்திருந்தவர்கள் நிலைமையை யாரும் கேட்கலை. (பதிவுக்கட்டணத்தை அப்போதே 1-ல் இருந்து 4 சதவீதமாக ஏற்றியது தனிக்கதை.)

பணம் இப்படி மண்ணிலேயே முடங்கினால் பட்டறை வைக்கிறவனுக்கும் இடம் கட்டுப்படியாகாது. அப்புறம் வேலை எங்கிருந்து வரும்?

பெண்கள் பெயரில் 10 லட்சம் ரூபாய் வரை சொத்து பதிந்தால் பதிவுக்கட்டணத்தில் 1 சதவீதம் சலுகை என்று 2025 ஏப்ரலில் இருந்து அமலில் இருக்கு. நல்லதுதான். சிட்டிக்குள் 10 லட்சத்துக்கு மனை எங்கே இருக்குன்னு மட்டும் யாராவது சொன்னால் தேவலை!