மிம்பரிலிருந்து ஓர் அழைப்பு



அமெரிக்கக் கறுப்பினப் பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் வெள்ளையினப் பெண்களைவிடச் சற்றுக் குறைவாகவே வருகிறது. ஆயினும் அந்நோயால் மாண்டுபோவோர் விகிதமோ கறுப்பினப் பெண்களிடையே ஏறத்தாழ 40 சதவீதம் அதிகம். நோய் முற்றிய பின்னர் கண்டறியப்படுவதும், கண்டறிந்த பின்னும் சிகிச்சை தாமதமாவதும் இதற்கான காரணங்களுள் முக்கியமானவை.

பரிசோதனைக்கு வரத் தயங்குவோரை அறியாமையுடையோர் என்று எளிதாகக் கூறிவிடலாம். அவ்வாறு கூறுவோர் அலபாமா மாநிலத்து டஸ்கீகியை அறியாதவர்கள். அங்கே 1932ஆம் ஆண்டில் அரசின் பொதுச் சுகாதாரத் துறையினர் ஏறத்தாழ 600 கறுப்பின ஆண்களைத் திரட்டினர். அவர்களுள் 399 பேர் மேகநோயுற்றோர். கெட்ட இரத்தத்திற்கு வைத்தியம் என்று அந்த ஏழைகளிடம் சொல்லப்பட்டது. உண்மையிலோ, வைத்தியமின்றி விட்டால் அந்நோய் எவ்வாறு முற்றும் என்று பார்ப்பதே நோக்கமாயிருந்தது. பெனிசிலின் கைக்கு எட்டிய பின்னரும் அது அவர்களுக்கு மறுக்கப்பட்டது. 1972இல் செய்தித்தாள்கள் அம்பலப்படுத்தும் வரை, 40 ஆண்டுகள் இக்கொடுமை நீடித்தது. ஜனாதிபதி கிளின்டன் மன்னிப்புக் கோரியதோ 1997இல்தான்! ஆஸ்பத்திரி வாசலில் அம்மக்களின் கால்கள் பின்வாங்குவதில் வியப்பென்ன?

அரசு இழந்த நம்பிக்கை வழிபாட்டுத் தலங்களில் எஞ்சியிருந்தது. 1990களில் ஆர்கன்சாஸ் மாநிலத்துக் கறுப்பினத் தேவாலயங்களில், புற்றுநோயிலிருந்து மீண்ட பெண்களே எழுந்து நின்று தம் அனுபவத்தைச் சாட்சியமாகக் கூறி, ஏனையோரைப் பரிசோதனைக்கு அழைத்தனர்.

கறுப்பின முஸ்லிம்களின் இமாம்களுக்கும் இப்பொறுப்பு உண்டு. "எல்லாம் அல்லாஹ்வின் நாட்டம், பரிசோதனை எதற்கு?" என்னும் கேள்விக்கு மருத்துவர் விடை கூறவியலாது, ஆலிம்தான் கூறவேண்டும். ஷாம் நாட்டில் கொள்ளைநோய் பரவியதைக் கேள்வியுற்ற ஹழ்ரத் உமர் (ரலி) அவர்கள் வழியிலேயே திரும்பினார்கள். அல்லாஹ்வின் விதியைவிட்டு ஓடுவதா என ஹழ்ரத் அபூஉபைதா (ரலி) அவர்கள் வினவியபோது, அவனது ஒரு விதியிலிருந்து அவனது மற்றொரு விதிக்கே செல்வதாக உமர் (ரலி) அவர்கள் விளக்கினார்கள்.

ஆனால் ஒன்றை மறத்தலாகாது. டஸ்கீகிக்கு ஆள் திரட்டியபோதும் தேவாலயங்கள் வழியாகவே அழைப்புச் சென்றது. ஆகவே, மிம்பரில் ஏறுமுன் இமாம் மருத்துவமனையாரிடம் கேட்கவேண்டியவை உள. கட்டி தென்பட்டால் அடுத்த சோதனை எத்தனை நாளில் நடைபெறும்? காப்பீடு இல்லாதவரின் செலவை ஏற்பவர் யார்? தெளிவான விடை பெற்றபின், அவர் முதலில் தம் வீட்டுப் பெண்களை அழைத்துச் செல்லட்டும், ஜமாஅத்தார் பின்தொடர்வர்.