கோரி மீனைக் குப்பை அள்ள விடாதீர்கள்!

வண்ணமீன் கடைகளில் அடிக்கடி கேட்கும் உரையாடல் இது.

"அண்ணே, தொட்டியில அடியில அழுக்கு சேருது, என்ன பண்றது?"

"ஒரு கோரி வாங்கிப் போடுங்க தம்பி, அதுவே கிளீன் பண்ணிடும்."

முடிந்தது வியாபாரம். விரல் நீளம்கூட இல்லாத ஒரு மீன், பாலிதீன் பையில் தன்னந்தனியாக ஏறி ஆயுள் தண்டனைக்குக் கிளம்புகிறது. நன்றாக வைத்திருந்தால் ஐந்து வருடத்துக்கு மேலும் வாழக்கூடிய மீன் அது. ஆகவே தண்டனையும் கொஞ்சநஞ்சம் அல்ல.

கடைக்காரர் சொன்ன அந்த ஒற்றை வரியில் இரண்டு பொய்கள் இருக்கின்றன. ஒன்று, "கிளீன் பண்ணிடும்" என்பது. இன்னொன்று, "ஒரு கோரி" என்பது.

முதலில் ஆள் யார் என்று பார்க்கலாம். கோரிடோரஸ் என்பது தென் அமெரிக்காவின் ஆறுகளிலும் ஓடைகளிலும் அடித்தரையில் மேயும் குட்டிக் கெளுத்தி. செதில் கிடையாது, உடம்பின் இரு பக்கமும் எலும்புத் தகடுகள் வரிசையாக அடுக்கிய கவசம் உண்டு. டார்வின் பீகிள் கப்பல் பயணத்தில் சேகரித்த மீன்களில் ஒன்றுதான் இன்று கடைகளில் கிடைக்கும் புள்ளிக் கோரி. 1842ல் ஜெனின்ஸ் அதற்குப் பெயர் வைத்தார். 2024ல் ஆய்வாளர்கள் இந்தப் பேரினத்தையே பல துண்டாகப் பிரித்துவிட்டார்கள். வெண்கலக் கோரி இப்போது ஆஸ்டியோகாஸ்டர் ஆகிவிட்டது. விஞ்ஞானப் பெயர் மாறியும் கடையில் வைத்த பட்டப்பெயர் மாறவில்லை: டேங்க் கிளீனர்!

அது எதைச் சுத்தம் செய்கிறது? மற்ற மீன்களின் கழிவை அது தின்பதில்லை. கண்ணாடியில் படியும் பாசியையும் வழித்து எடுப்பதில்லை. புழு, பூச்சிகளின் இளம்புழு, சின்னஞ்சிறு நீர்ப்பிராணிகள், இவைதான் அதன் சாப்பாடு. மீசையால் மணலைத் துழாவித் தேடுவதைப் பார்த்துவிட்டு "பெருக்குகிறது" என்று மனிதர்கள் முடிவுகட்டிக்கொண்டார்கள். விளைவு? மேலே மிதக்கும் உணவை மற்ற மீன்கள் தீர்த்துவிட, "அதான் அழுக்கைத் தின்னுமே" என்ற நம்பிக்கையில் கோரி பட்டினி கிடக்கிறது. கூரிய கற்களைக் கொட்டி வைத்த சுத்தமில்லாத தரையில் அதன் மீசையும் தேய்ந்து போகிறது.

பிறக்கும்போதே ஒருவரை அழுக்கு அள்ளத்தான் லாயக்கு என்று முத்திரை குத்தும் புத்தி இந்த ஊருக்குப் புதிதல்ல. அந்தப் புத்தி இரண்டடிக் கண்ணாடித் தொட்டிக்குள்ளும் நுழைந்துவிட்டது, அவ்வளவுதான்.

இரண்டாவது பொய்தான் இன்னும் கொடுமை. ஒரு கோரியைப் பார்த்தவர்கள் கோரியைப் பார்க்காதவர்கள்! ஆறு கோரிகளை மெல்லிய மணல் தரையில் விட்டுப் பார்த்தால் தெரியும். ஒன்றன்மேல் ஒன்று ஏறி மூக்கை மணலில் புதைக்கும். ஓய்வெடுக்கும்போது பக்கத்தில் பக்கத்தில் படுத்திருக்கும். ஒன்று கிளம்பினால் மற்றதும் கிளம்பும். திடீரென்று ஒன்று செங்குத்தாக மேலே பாய்ந்து, ஒரு வாய் காற்றை விழுங்கிவிட்டுக் கீழே விழும். தொடர்ந்து மற்றவையும் பாயும். பள்ளிக்கூட இடைவேளை மணி அடித்தது போல இருக்கும்.

இது விளையாட்டா? விஞ்ஞானிகள் சட்டென்று ஆமாம் சொல்லமாட்டார்கள். விலங்குகளின் விளையாட்டு பற்றி 2005ல் புத்தகமே எழுதிய கோர்டன் பர்க்ஹார்ட் அதற்கு ஐந்து நிபந்தனைகள் வைக்கிறார். உடனடிப் பயன் இருக்கக்கூடாது, தானாக விரும்பிச் செய்யவேண்டும் என்பவை அவற்றில் இரண்டு. அதே பர்க்ஹார்ட்டும் சகாக்களும் 2015ல், தொட்டியில் இருந்த வெப்பமானியைத் திரும்பத் திரும்ப முட்டிச் சாய்த்த சிக்லிட் மீன்களைப் பற்றி எழுதி, அது விளையாட்டுதான் என்றார்கள். ஆகவே "மீனாவது விளையாடுவதாவது" என்ற கிண்டல் பழசாகிவிட்டது.

கோரியின் துள்ளலில் கொஞ்சம் பயனும் கலந்திருக்கிறது. காற்றை விழுங்கிக் குடலால் ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும் மீன் அது. ஆனால் மேலே வருவது ஆபத்து, பறவை காத்திருக்கும். காற்றைச் சுவாசிக்கும் மீன்கள் சேர்ந்தாற்போல் மேலே வருவது தப்பிக்கும் உத்தி என்று 1976லேயே கிராமரும் கிரஹாமும் எழுதினார்கள். வெண்கலக் கோரிகள் ஒன்றையொன்று உடம்பால் தட்டிக்கொள்வதைப் பற்றி 2019ல் ஓர் ஆய்வு வந்தது. பழக்கமில்லாத மீன்களோடு சேரும்போது இந்தத் தட்டல் அதிகமாகிறதாம். முன்பின் தெரியாததோடும் சேர்ந்து நீந்த அது ஒரு வழி.

விளையாட்டு என்றாலும் சரி, பிழைப்பு என்றாலும் சரி, இரண்டுக்கும் கூட்டாளி வேண்டும். தனிக் கோரி யாரைத் தட்டும்? அது செடிக்குப் பின்னாலோ ஃபில்டருக்கு அடியிலோ ஒளிந்து கிடக்கிறது. "சாதுவான மீன்" என்று அதற்குப் பாராட்டு வேறு!

எதிர்வாதங்கள் தெரிந்தவைதான்.

"எங்க வீட்டுல ஒண்ணே ஒண்ணு மூணு வருஷமா இருக்கே?" இருக்கும். தனிமைச் சிறையில் கைதியும்தான் மூன்று வருடம் இருக்கிறார். சாகவில்லை என்பது சான்றிதழ் ஆகாது.

"நாங்க ஒண்ணு வாங்கல, வகைக்கு ஒண்ணா மூணு வாங்கினோம்." கலருக்கு ஒன்றாக வாங்க அது வளையல் அல்ல. கோரி முதலில் தேடுவது தன் வகையைத்தான்.

"இடம் பத்தாது." அப்படியானால் கோரி வேண்டாம். எந்த மீன்தொட்டிக்கும் கோரி கட்டாயம் இல்லை. அழுக்கை எடுக்க ஒரு முழ ரப்பர் குழாயும் வாரம் ஒருமுறை தண்ணீர் மாற்றும் பொறுமையும் போதும்.

"மீன்தானே?" இதற்குப் பதில் இல்லை. அப்படிக் கேட்பவருக்கு மீன்தொட்டி எதற்கு, ஒரு படம் மாட்டிக்கொள்ளலாமே!

ஏற்கெனவே ஒற்றைக் கோரி வைத்திருப்பவர்கள் செய்யவேண்டியது சுலபம். இடம் இருந்தால் அதே வகையில் இன்னும் ஐந்து சேர்க்கலாம். இல்லையென்றால் கூட்டமாக வைத்திருப்பவரிடம் கொடுத்துவிடலாம். ஏரியில் விட்டுப் புண்ணியம் தேட வேண்டாம். அப்படி விட்ட சக்கர் மீன் தமிழ்நாட்டு நீர்நிலைகளில் பெருகிப் படுத்தும் பாடு போதும்.

கொளத்தூர் மாதிரி வண்ணமீனுக்கே பேர்போன இடத்திலாவது கடைக்காரர்கள் இதைத் தொடங்கலாம். கண்ணாடியில் ஒரு சீட்டு ஒட்டினால் போதும்: "கோரி ஆறாகத்தான் விற்கப்படும்." வியாபாரமும் ஆறு மடங்கு. இந்தக் கணக்குகூடவா புரியாது?