சாயம் போகிறதா, போக்குகிறோமா?



வாங்கிய உடுப்பின் நிறம் கெதியாக மங்கிவிட்டால் நாங்கள் முதலில் ஏசுவது கடைக்காரரைத்தான். "நல்ல சாமான் இல்லை, ஏமாத்திப் போட்டாங்கள்" என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்போம். சில வேளை அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் ஜீன்ஸ் என்று நாங்கள் சொல்லும் நீல டெனிம் களுசானைப் பொறுத்தவரை, அதன் நிறத்தின் பெரும் பகுதி கிணற்றடியில்தான் தீர்மானிக்கப்படுகிறது.

ஜெயபுரத்தில் மாதர் சங்கக் கூட்டம் ஒன்றில் இந்தப் பேச்சு வந்தது. மோட்டார் சைக்கிளில் உடுப்பு மூட்டையோடு வருகிற வியாபாரியிடம் தவணைக் காசுக்கு மகனுக்கு ஜீன்ஸ் எடுத்த அம்மா ஒருவர் சொன்னார்: "பிள்ளை, ஆறு மாதத் தவணை. நாலாம் மாதமே வெளிறிப் போச்சு. காசு கட்டி முடிய முன்னம் நிறம் முடிஞ்சுது." எல்லோரும் சிரித்தோம். எத்தனை நாளைக்கு ஒரு தரம் தோய்க்கிறீர்கள் என்று கேட்டேன். "ஒவ்வொரு நாளும்தான். கல்லிலை நல்லா அடிச்சு, வெயிலிலை காயப்போடுறனான்" என்றார். அவருடைய துப்புரவில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அந்தத் துணிக்கு அந்த முறை ஒத்துவராது. ஏன் என்பதைத்தான் இம்மாதம் பார்க்கப் போகிறோம்.

நீலம் எங்கே இருக்கிறது?

ஜீன்ஸின் நீலத்துக்கு இன்டிகோ என்று பெயர். முற்காலத்தில் அது அவுரிச் செடியின் இலையிலிருந்து எடுக்கப்பட்டது. கூந்தல் எண்ணெய்க்குப் போடும் நீலி என்றால் உங்களுக்குத் தெரியும், அதே செடிதான். தமிழ்நாட்டில் திண்டிவனம் பக்கத்தில் இன்றும் சாயத்துக்காக அவுரி பயிரிடுகிறார்கள். ஆனால் ஜேர்மனியின் பாஸ்ஃப் கொம்பனி 1897 இல் செயற்கை இன்டிகோவை விற்கத் தொடங்கிய பிறகு, செடியின் இடத்தை இரசாயனச் சாயம் பிடித்துக்கொண்டது. இன்று கடையில் கிடைக்கும் ஜீன்ஸில் இருப்பது அநேகமாக அந்தச் செயற்கைச் சாயமே.

இலையில் இருந்து வந்தாலும் இரசாயனத்தில் இருந்து வந்தாலும் இன்டிகோவுக்கு ஒரு தனிக் குணம் உண்டு. அது தண்ணீரில் கரையாது. அதனால் சாயத் தொட்டியில் வேறு பொருட்கள் சேர்த்து அதைக் கரையும் நிலைக்கு மாற்றுவார்கள். அப்போது அது மஞ்சள் கலந்த பச்சை நிறமாக இருக்கும். நூலை அதில் தோய்த்து வெளியே எடுத்துக் காற்றுப் பட விட்டால்தான் நீலமாக மாறும். இப்படிப் பல தடவை தோய்த்துத் தோய்த்துக் கடும் நீலம் ஏற்றுவார்கள். இவ்வளவு செய்தும் சாயம் நூலின் மேல்பாகத்தில்தான் படிகிறது. நூலின் நடுப்பகுதி வெள்ளையாகவே இருக்கும். பழைய ஜீன்ஸ் ஒன்றில் நூலைப் பிரித்து உடைத்துப் பாருங்கள், கண்ணாலேயே காணலாம். துணியின் பாவு நூல் மட்டும் நீலம், ஊடு நூல் வெள்ளை. ஜீன்ஸின் உட்பக்கம் வெளிறி இருப்பதற்கு அதுவே காரணம்.

இப்போது விடயம் விளங்கும். மேலே பூசியதுபோல் நிற்கும் நீலம், உரசும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்கிறது. உதிர உதிர உள்ளே இருக்கும் வெள்ளை வெளியே தெரிகிறது. ஆகவே ஜீன்ஸ் வெளிறுவது முற்றிலும் தடுக்கக்கூடிய ஒன்றல்ல. எவ்வளவு கெதியாக, எந்த இடத்தில் வெளிறும் என்பதுதான் எங்கள் கையில் இருக்கிறது.

உடம்பும் தோய்ப்பும்

ஐரோப்பாவிலும் யப்பானிலும் அமெரிக்காவிலும் சில இளைஞர்கள் சாயமிட்ட பின் ஒரு தரமும் தோய்க்காத விறைப்பான ஜீன்ஸைத் தேடி வாங்கி, மாதக்கணக்காகத் தண்ணீர் படாமல் உடுக்கிறார்கள். முழங்கால் மடியும் இடத்திலும், காற்சட்டைப் பையில் பேர்ஸ் இருக்கும் இடத்திலும், தொடையின் முன்பக்கத்திலும் மட்டும் வெள்ளைக் கோடுகள் விழ வேண்டும், மற்ற இடம் கடும் நீலமாக இருக்க வேண்டும் என்பது அவர்களுடைய ஆசை. குறைவாகத் தோய்த்தால் உடம்பு உரசும் இடம் மட்டும் வெளிறும். அடிக்கடி தோய்த்தால் முழுக்களுசானும் ஒரே மாதிரி வெளிறிவிடும். கல்லில் அடித்தால் தையல் விளிம்புகளும் மடிப்புகளும் முதலில் வெள்ளையாகும். முறுக்கிப் பிழிந்தால் ஒழுங்கில்லாத வெள்ளைக் கீறல்கள் விழும்.

லீவைஸ் கொம்பனியின் தலைவராக இருந்த சிப் பேர்க், தான் போட்டிருக்கும் ஜீன்ஸ் ஒரு வருடமாகச் சலவை இயந்திரத்தைக் காணவில்லை என்று 2014 இல் ஒரு மேடையில் சொல்லி உலகச் செய்தியானார். அழுக்குப் பட்ட இடத்தை மட்டும் கையால் துடைப்பாராம். கனடாவின் அல்பேர்ட்டா பல்கலைக்கழகத்தில் ஒரு மாணவர் 15 மாதங்கள் தோய்க்காமல் உடுத்த ஜீன்ஸை 2011 இல் பரிசோதித்தார்கள். பிறகு அதே ஜீன்ஸைத் தோய்த்து 13 நாட்கள் உடுத்த பின் மறுபடி பார்த்தபோது, இரண்டு தடவையும் கிருமிகளின் அளவு ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது.

இதைக் கேட்டுவிட்டு நாங்களும் 15 மாதம் விட்டுவிடலாம் என்று யாரும் நினைக்க வேண்டாம். அது குளிர் நாடு. எங்கள் வெக்கையில் வியர்வை வேறு, புழுதி வேறு. வயல் சேற்றில் இறங்கிய உடுப்பை அன்றே தோய்த்துவிட வேண்டும். எலிக்காய்ச்சல் பரவும் மாரி காலத்தில் இதில் கவனமீனம் கூடாது. வீட்டில் ஒருவருக்குச் சொறி சிரங்கு இருந்தால் நிறத்தைப் பார்க்கக் கூடாது, சுடுதண்ணீரில் போட்டே எடுக்க வேண்டும். ஆனால் பேருந்தில் ஏறி ரியூசனுக்கோ கந்தோருக்கோ போய்வந்த ஜீன்ஸை அன்றன்றே அடித்துத் தோய்க்கத் தேவையில்லை. உட்பக்கம் வெளியே வரப் புரட்டி, காற்றோட்டமான நிழலில் தொங்கவிட்டால் நாலைந்து தரம் உடுக்கலாம்.

எவ்வாறு தோய்ப்பது?

1. புது ஜீன்ஸ் விறைப்பாக இருந்து, ஈர விரலால் தேய்க்க நீலம் ஒட்டினால் அது அதிகம் தோய்க்கப்படாதது. முதல் தோய்ப்பில் அது சுருங்கலாம். நீளத்தைக் குறைத்துத் தைப்பதென்றால் முதல் தோய்ப்புக்குப் பிறகே வெட்டுங்கள். தையல் வேலை செய்யும் சகோதரிகள் இதை வாடிக்கையாளருக்கும் சொல்லிவிடுவது நல்லது.

2. முதல் சில தடவைகள் தனி வாளியில் தோய்க்க வேண்டும். பிள்ளைகளின் வெள்ளைச் சீருடையோடு ஒரே வாளியில் ஊறவிட்டால் சீருடை நீலம் பிடித்துவிடும். அதை மறுபடி வெள்ளையாக்குவது பெரும் பாடு.

3. உப்போ வினாகிரியோ போட்டு ஊறவிட்டால் சாயம் பிடித்துக்கொள்ளும் என்பார்கள். இன்டிகோவுக்கு அது பயன்படாது. உப்பை மிச்சப்படுத்துங்கள்.

4. பொத்தானைப் பூட்டி, சிப்பை இழுத்து, உட்பக்கம் வெளியே வரப் புரட்டுங்கள். பச்சைத் தண்ணீரில் கொஞ்சச் சவர்க்காரம் கரைத்து, கசங்காமல் பரத்தி, கால் மணித்தியாலம் அரை மணித்தியாலம் ஊறவிட்டால் போதும். அழுக்குள்ள இடத்தை மட்டும் உள்ளங்கையால் தேயுங்கள். கல்லும் தும்புப் பிரஷும் வேண்டாம். வெள்ளை உடுப்புக்கென்று விற்கும் வெளிற்றுத் தூளைக் கிட்டவும் கொண்டுவர வேண்டாம்.

5. பூநகரிப் பக்கத்தில் பல கிணறுகளின் தண்ணீர் உவர்ப்பு. எங்கள் பகுதிகளில் கடின நீரும் உண்டு. அத்தகைய நீரில் நுரை வராது. நுரைக்காகச் சவர்க்காரத்தைக் கூட்டுவோம், தேய்ப்பதைக் கூட்டுவோம், நிறம் போகும். மாரியில் கூரையால் வழியும் மழைத்தண்ணீரைப் பிடித்து வைத்தால் கொஞ்சச் சவர்க்காரமே நன்கு நுரைக்கும்.

6. வெள்ளத்துக்குப் பிறகு பி.எச்.ஐ. வந்து கிணற்றுக்குக் குளோரின் போட்டால், அந்த மணம் போகும்வரை நிற உடுப்புகளை அந்தத் தண்ணீரில் தோய்க்காதீர்கள். குளோரின் இன்டிகோவை வெளிற்றும்.

7. முறுக்கிப் பிழியாமல், இடுப்புப் பட்டியில் பிடித்துக் கொடியில் தொங்கவிடுங்கள். தண்ணீரின் பாரமே சுருக்கத்தை இழுத்துவிடும். நல்ல வெயில் நீலத்தின் எதிரி. நிழலும் காற்றும் போதும்.

பிழிய வேண்டாம் என்பதை நிறத்துக்காக மட்டும் சொல்லவில்லை. நனைந்த ஜீன்ஸ் எவ்வளவு பாரம் என்பது உங்களுக்குத் தெரியும். கையில், தோளில், முதுகில் ஷெல் துண்டோடு வாழ்கிற சகோதரிகள் எங்களிடையே இருக்கிறார்கள். ஒரு கையை இழந்து மற்றக் கையால் வீட்டை நடத்துகிறவர்களும் இருக்கிறார்கள். இரண்டு மகன்மாரின் ஜீன்ஸைத் தினமும் முறுக்கிப் பிழிந்துவிட்டு இரவில் நோவோடு படுப்பவர்களை நான் கண்டிருக்கிறேன். அவர்களுக்கு இது உடம்பைக் காக்கிற வழி.

ஏன் இவ்வளவு தோய்க்கிறோம்?

2009 இல் கட்டிய துணியோடு வெளியே வந்து, செட்டிகுளம் முகாம்களில் தண்ணீருக்கு வரிசையில் நின்றவர்கள் நாங்கள். மாற்றுடுப்பு இல்லாமல் இருந்த அந்த நாட்களின் கூச்சம் பலருக்கு இன்னும் போகவில்லை. மீளக்குடியேறி, சொந்தக் கிணறு கிடைத்த பிறகு, பிள்ளைகள் தோய்த்த உடுப்போடுதான் படலையைத் தாண்ட வேண்டும் என்று சில தாய்மார் உறுதியாக நிற்பதை நான் விளங்கிக்கொள்கிறேன். துணையில்லாமல் பிள்ளைகளை வளர்ப்பவருக்கு, ஊரார் ஒரு சொல் சொல்லிவிடக் கூடாதே என்ற பயமும் உண்டு. அது மரியாதைக்கான போராட்டம். அதைக் குறை சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. ஆனால் அந்த மரியாதையை இடுப்பு நோவால் வாங்க வேண்டியதில்லை என்றுதான் சொல்கிறேன்.

ஒரு சிறு கணக்குப் பார்ப்போம். ஒரு ஜீன்ஸைத் தோய்க்க ஒரு வாளி, அலச மூன்று வாளி என்று வையுங்கள். பத்து லீற்றர் வாளியென்றால் 40 லீற்றர். இரண்டு ஜீன்ஸை வாரத்தில் மூன்று தரம் தோய்த்தால் 240 லீற்றர். ஒரு தரமாகக் குறைத்தால் 80 லீற்றர். மிச்சம் 160 லீற்றர், அதாவது வாரத்துக்கு 16 வாளி அள்ளுகிற வேலை குறைகிறது. கிணறு வற்றும் ஆவணி, புரட்டாதியில் 16 வாளித் தண்ணீர் ஒரு கத்தரிப் பாத்தியைக் காப்பாற்றும். 2022 ஆம் ஆண்டு நெருக்கடியில் சவர்க்காரம் விலையேறியதை மறந்திருக்க மாட்டீர்கள். அந்தச் செலவும் குறையும்.

தண்ணீர்க் கணக்கு எங்கள் கிணற்றோடு முடிவதில்லை. ஒரு ஜீன்ஸின் வாழ்நாளுக்குப் பருத்தி வயலிலிருந்து கடைசித் தோய்ப்பு வரை ஏறக்குறைய 3,781 லீற்றர் தண்ணீர் செலவாகிறது என்று லீவைஸ் கொம்பனி 2015 இல் வெளியிட்ட கணக்குச் சொல்கிறது. அதில் கால்வாசிக்குக் கிட்ட, 23 வீதம், வாங்கியவர் வீட்டில் தோய்ப்பதற்கே போகிறது.

வாங்கும்போதே வெளிறி இருக்கும் ஜீன்ஸைப் பற்றியும் ஒரு வார்த்தை. அந்த வெளிறலும் ஒருவருடைய உழைப்புத்தான். துருக்கியில் மணலை வேகமாகப் பீய்ச்சி ஜீன்ஸை வெளிற்றிய தொழிலாளர் பலர், மணல் தூசியால் நுரையீரல் கெட்டு இறந்துபோனார்கள். அந்நாடு 2009 இல் அந்த முறையைத் தடைசெய்தது. கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் ஆடைத் தொழிற்சாலைகளுக்குப் போகும் பிள்ளைகளைப் பெற்ற எங்களுக்கு, உடுப்புக்குப் பின்னால் ஒரு உயிர் இருக்கிறது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. விலை ஒத்துவந்தால் வெளிற்றாத கடும் நீலத்தையே எடுங்கள். அதுதான் நீண்ட காலம் நிறத்தோடு நிற்கும்.

இறுதியாக ஒன்று. ஜீன்ஸை உடுப்பவர் மகன். தோய்ப்பவர் தாய் அல்லது தங்கை. பத்து வயது தாண்டிய ஆண்பிள்ளைக்குத் தன் களுசானைத் தானே தோய்க்கப் பழக்குவதில் என்ன வெட்கம்? தன் கையால் தண்ணீர் அள்ளித் தோய்க்கிற பிள்ளை, எது அழுக்கு, எது அழுக்கில்லை என்பதைத் தானாகவே அறிந்துகொள்ளும். தினமும் தோய்க்கச் சொல்லி வாளிக்குள் எறிகிற பழக்கமும் நின்றுவிடும்.

சகோதரிகளே, வருகிற மாதம் முழுவதும் கலண்டரில் ஒரு குறிப்பு வையுங்கள். ஜீன்ஸ் தோய்த்த நாளுக்கு ஒரு புள்ளி, யார் தோய்த்தார் என்பதற்கு அவருடைய பெயரின் முதலெழுத்து. மாத முடிவில் அதைச் சங்கக் கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள், எல்லோருமாக இருந்து பார்ப்போம். தவணை முடிகிற வரைக்கும், அதற்குப் பிறகும் அந்த நீலம் நிற்கட்டும்.