நமது இல்லத் தோட்டம்: பன்னீர் ரோஜாவும் கவாத்தும்



சென்ற திங்கள் நமக்கு வந்த கடிதங்களுள் ஒன்றைப் படித்தவுடன் மடித்து வைத்துவிட இயலவில்லை. கணவரை இழந்த சகோதரி ஒருவர் எழுதியிருந்தார். அவர்தம் கணவர் முற்றத்தில் நட்ட பன்னீர் ரோஜாச் செடி 14 ஆண்டுகளாகப் பூத்து வருகிறது. கல்லறைத் திருநாளாகிய நவம்பர் 2 அன்று அச்செடியின் மலர்களையே அவருடைய கல்லறைக்குக் கொண்டு செல்வது வழக்கமாம். இப்போது இரண்டு ஆண்டுகளாக மலர்கள் குறைந்துவிட்டன. கிளைகள் நுனியிலிருந்து கருகிக் கீழிறங்குகின்றன. “வெட்டினால் தழைக்கும் என்கிறார்கள். அவர் வைத்த செடியின்மீது கத்தி வைக்க எனக்கு மனம் துணியவில்லை” என்று முடித்திருந்தார்.

சகோதரியே, அத்தயக்கத்தை நாமும் அறிவோம். நம் அன்னையார் வளர்த்த செடியை அவருக்குப்பின் நாம் தொடவே இல்லை. நீர் மட்டும் நாள்தோறும் தாராளமாக ஊற்றினோம். மூன்றாம் ஆண்டில் அது அடிவரை கருகிப்போயிற்று.

நம் இல்லங்களில் பன்னீர் ரோஜா என வழங்குபவற்றுள் பெரும்பாலானது எட்வர்டு ரோஜாவாகும். இந்துமாக் கடலிலுள்ள பூர்போன் தீவில், இன்றைய ரியூனியனில், வேலியாக நட்ட சீன ரோஜாவும் தமாஸ்கு ரோஜாவும் தாமாகவே கலந்து, 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அறியப்பட்ட இனம் இது. ஒன்றின் மணமும் மற்றதன் ஓயாத பூப்பும் இதற்கு வாய்த்தன. ஆனால் பூக்கள் புதிய தளிரின் நுனியிலேயே தோன்றுவதால், முதிர்ந்த கிளைகளையே வைத்துக்கொண்டிருக்கும் செடியில் பூ அருகிவிடும். பழைய கிளையை நீக்கினால்தான் அடியிலிருந்து புதுக்கிளை எழும்.

கருகிய கிளைகளுக்கு நாள் பார்க்க வேண்டுவதில்லை, இன்றே நீக்கிவிடுங்கள். கருமை முடியும் இடத்தில் வெட்டினால் போதாது. இரண்டு அங்குலம் கீழே, உள்தண்டு வெண்மையாகத் தெரியும் வரை வெட்ட வேண்டும். ஒவ்வொரு வெட்டுக்கும் பின் கத்தியைத் துடைப்பது நலம்.

முழுக் கவாத்தைப் பற்றித்தான் சற்று யோசித்தோம். நம் சமவெளிகளில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை அதற்குரிய காலம். வெட்டிய நாளிலிருந்து மீண்டும் பூக்க ஏறத்தாழ 45 நாட்கள் ஆகும். எனவே அக்டோபரில் வெட்டினால் கல்லறைக்கு மலர் இராது. திருநாளன்று உள்ள மலர்களைக் கொண்டு செல்லுங்கள். அவ்வாரத்திலேயே, மழை விட்ட ஒரு நாளில், நான்கைந்து திடமான கிளைகளை மட்டும் நிறுத்தி, தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில், வெளிப்புறம் நோக்கிய மொட்டுக்குச் சற்று மேலே சாய்வாக வெட்டுங்கள். கிறிஸ்து பிறப்பு விழாவையொட்டிப் புதுமலர் காணலாம்.

வெட்டுவாய்களை அப்படியே விட்டால் மழைக்காலத்தில் கருகல் நோய் மீண்டும் புகும். மயில்துத்தம் 10 கிராம், சுட்ட சுண்ணாம்பு 10 கிராம், இரண்டையும் தனித்தனியே 50 மில்லி நீரில் கரைத்துப் பின் கலந்தால் போர்டோ பசை கிடைக்கும். இரும்புப் பாத்திரம் ஆகாது. சமையற் பாத்திரமும் வேண்டாம், துத்தம் நச்சு. பின்னர் வேரைச் சுற்றி மண்ணைக் கிளறி 10 கிலோ மக்கிய தொழுவுரம் இடுங்கள். அடியில் நீர் தேங்க விடலாகாது. தண்டில் செம்பழுப்பான செதில்கள் ஒட்டியிருந்தால் அவை பூச்சிகளே. மண்ணெண்ணெயில் நனைத்த பஞ்சால் துடைத்தெடுங்கள்.

இன்னும் ஒன்று. வெட்டிய கிளைகளை எல்லாம் எறிந்துவிடாதீர்கள். பென்சில் பருமனுள்ள, நோயற்ற தண்டுகளை முக்கால் சாண் நீளத்திற்கு நறுக்கி, அடியிலை நீக்கி, இரண்டு கணுக்கள் மண்ணுள் இருக்குமாறு நிழலில் ஊன்றுங்கள். பத்துத் தண்டுகளேனும் ஊன்றுவது நன்று, எல்லாம் பிழைப்பதில்லை. வேருக்கு முன்பே தளிர் தோன்றும். அதைக் கண்டு மகிழ்ந்து, வேர் பிடித்ததா எனப் பிடுங்கிப் பார்க்க வேண்டாம் (நாம் பார்த்துக் கெடுத்ததுண்டு). ஆறேழு வாரம் பொறுத்திருங்கள். தாய்ச்செடி ஒருகால் பிழைக்காமற் போயினும், அவர் நட்ட அதே செடிதான் இத்தண்டுகளில் வளரும். வேர் பிடித்தவற்றுள் ஒன்றைக் கல்லறையருகே நடப் பங்குத் தந்தையிடம் அனுமதி கேட்கலாம்.

எத்தனை தண்டுகள் துளிர்த்தன எனச் சனவரியில் நமக்கு ஒரு வரி எழுதுங்கள்.