படம் பளிச், பேச்சு எங்கே?

அமெரிக்காவில் உள்ளூர் சேனல்களையும் டிஷ் ஆன்டெனா மூலம் பார்க்க 1999-ல் சட்டம் வழிவிட்டது. பிறகு வந்த ஹெச்டியில் படம் பளிச். பேச்சுதான் சிலசமயம் காணாமல் போகிறது. டால்பி 5.1 முறையில் வசனம் பெரும்பாலும் நடு ஒலித்தடத்தில் வரும். இரண்டே ஸ்பீக்கர் உள்ள டிவிக்காகத் தடங்களைக் கலக்கும்போது அது விடுபட்டால், இசை முழங்கும். செய்தி வாசிப்பவர் வெறுமனே வாயசைப்பார். கோளாறு யாருடையது? டிவி நிலையம் செயற்கைக்கோள் நிறுவனத்தைக் கைகாட்டும், நிறுவனம் நிலையத்தை. செட்டாப் பாக்ஸின் ஒலி அமைப்பை 'ஸ்டீரியோ'வுக்கு மாற்றிப் பார்ப்பதே நேயருக்குத் தெரிந்த கைவைத்தியம். விளம்பரங்கள் அலறுவதைத் தடுக்க 2010-ல் சட்டமே வந்தது. மௌனம் அதைவிட ஆபத்து: சூறாவளி எச்சரிக்கை வரும் இரவில், பார்வையற்றவருக்கு அந்தக் குரல்தான் டிவி.