கோல் யார் கையில்?

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் மாணவர்கள் திணறும் இடம் நில அளவைதான். வேலி, அதில் இருபதில் ஒரு பங்கு மா, எண்பதில் ஒரு பங்கு காணி, முந்நூற்றிருபதில் ஒரு பங்கு முந்திரி. அதற்கும் கீழே கீழ்முந்திரி என்று கல்தச்சன் விடாமல் இறங்குவான். இவை பின்னங்கள், தனித்து நிற்பவை அல்ல. குழிக்கணக்கு மாறாதிருக்க, பன்னிரு சாண் கோலை வைத்துவிட்டுப் பதினாறு சாண் கோலை எடுத்தால் வேலி பெருகும். மாவும் காணியும் தாமே உடன் பெருகும்.

வலைப்பக்கத்து எழுத்துக்கும் இதே கணக்குதான். பிக்சல் அறுதி அளவு. எம், ரெம், விழுக்காடு ஆகியவை மாவுக்கும் காணிக்கும் உறவு. வாசகர் தம் உலாவியில் அடிப்படை எழுத்தளவை 16இலிருந்து 24 ஆக்கினால், ரெம்மில் அமைந்த எழுத்தெல்லாம் ஒன்றரை மடங்காகும். பிக்சலில் அமைந்தது அசையாது.

நம் மாணவர் ஒருவருக்குப் பார்வை குறைவு. உலாவியில் எழுத்தைப் பெரிதாக்கியே வைத்திருப்பார். சங்கப்பாடல் உரை தேடி அவர் சென்ற தளமோ 12 பிக்சலில் அடம்பிடித்தது. அவ்வளவில் மெய்யின் புள்ளி அவர் கண்ணுக்குப் படவில்லை. 'கண்' என்பது 'கண' ஆயிற்று. இது பாடபேதமா என்று நம்மிடம் வந்து கேட்டார். முதலில் சிரித்தோம், பிறகு சிரித்ததற்கு வெட்கினோம்.

கண்ட்ரோல் விசையோடு கூட்டல் குறியை அழுத்தினால் பக்கமே பெரிதாகுமே என்பர் அன்பர்கள். ஆகும். 2001இல் வந்த இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 6 பிக்சல் எழுத்தைப் பெரிதாக்கவே மறுத்தது; இன்றைய உலாவிகள் அப்படியல்ல. ஆயினும் ஒருமுறை சொல்லிவைத்த தேவையை ஒவ்வொரு வாசலிலும் நின்று மறுபடி சொல்ல வைப்பது விருந்தோம்பலாகுமா? உலகளாவிய வலைக் கூட்டமைப்பு 1999ஆம் ஆண்டு நெறிமுறையிலேயே சார்பு அலகுகளைக் கேட்டது. 2008இன் இரண்டாம் பதிப்பு, அலகைக் கட்டாயப்படுத்தாமல், எழுத்து 200 விழுக்காடு வரை பெருகினாலும் உள்ளடக்கம் கெடலாகாது என்றது.

தமிழுக்கு இதில் தனிச்சிக்கல் உண்டு. 'கீ'யின் சுழி மேலே ஏறும், 'ழு'வின் கால் கீழே இறங்கும். வரி உயரத்தைப் பிக்சலில் பூட்டிவிட்டு எழுத்தை மட்டும் வளர்த்தால் மேல்வரியின் காலும் கீழ்வரியின் தலையும் மோதும். வரி உயரம் 1.6 என்று அலகின்றிக் கொடுத்தால் போதும், எழுத்தோடு வரியும் விரியும். அத்தளத்தாருக்கு இதை எழுதி அனுப்பியுள்ளோம். மாணவர் இப்போதைக்கு அச்சு நூலைப் பெரிதாக்கி நகலெடுத்துப் படிக்கிறார்.